முகத்தில் ஐந்து மலை, நான்கு ஆறு

கேள்வி: பழைய ஜப்பானியப் புத்தகம் ஒன்றில் மனித முகத்தின் மேல் மலைகளின் பெயர்களைச் சீன எழுத்தில் எழுதியிருந்தார்கள். இது என்ன சாஸ்திரம்? ஜப்பானுக்கு எப்படிப் போனது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அது சீனர்களின் அங்க லட்சண சாஸ்திரம். நெற்றி தெற்கு மலை, மோவாய் வடக்கு மலை, கன்னங்கள் கிழக்கும் மேற்கும், மூக்கு நடுவிலுள்ள சுங் மலை. சீனாவின் ஐந்து புனித மலைகளும் முகத்தில் வந்துவிட்டன. காது, கண், வாய், மூக்குத்துவாரம் நான்கும் ஆறுகள். ஒவ்வொரு வயதின் பலனுக்கும் முகத்தில் ஓர் இடம் உண்டு: இரு கண்களுக்கு நடுவே மூக்கு தொடங்கும் பள்ளம் 41ஆம் வயதுக்கு, மூக்கு நுனி 48ஆம் வயதுக்கு.

இதையெல்லாம் திரட்டியது, சீனாவை மிங் வம்ச அரசர்கள் ஆண்ட காலத்துப் பெருநூல் 'ஷென்ஷியாங் ச்சுவான்பியன்'. தொகுத்தவர் யுவான் சுங்செ என்பார்கள். அவருடைய அப்பா யுவான் குங், பின்னாளில் மிங் பேரரசரான யுங்லோ இளவரசராக இருந்தபோது அவரைப் பார்த்து, "நாற்பது வயதில் தாடி தொப்புளைத் தாண்டும், அப்போது அரியணை உங்களுக்கு" என்று சொன்னதாக மிங் வரலாறு குறிக்கிறது.

அந்த நூலை 1651இல் ஜப்பானியர்கள் மரப்பலகையில் செதுக்கி அச்சிட்டார்கள். அச்சகத்தில் வேலை பார்த்தவன் என்பதால், இந்த மாதிரிப் பதிப்புகளில் என் கண் முதலில் போவது வரிகளின் ஓரத்துக்குத்தான். சீன எழுத்துகளுக்குப் பக்கத்தில் பொடிப்பொடியாகக் குறிகள் இருக்கும். எந்தச் சொல்லை முதலில் படிப்பது, எங்கிருந்து திரும்பி மேலே போவது என்று அவை காட்டும். சீனம் பேசத் தெரியாத ஜப்பானியரும் தன் மொழியின் வரிசையிலேயே படித்துவிடலாம். படத்துக்கோ தனி ஏற்பாடே வேண்டாம். எழுத்தும் படமும் ஒரே பலகையில் செதுக்குவதுதானே. குருவிடம் காத்துக் கிடந்து கற்ற வித்தை, காசு கொடுத்தால் கடையில் கிடைத்தது. இந்தக் கலை பரவியதற்கு ஜோசியர்களைவிடப் பலகை செதுக்கியவர்களே காரணம் என்பேன்.

1790களில் ஓவியர் உதாமரோ, பெண்களின் முகங்களை வரைந்த வரிசை ஒன்றில் 'முகக்குறி பார்க்கும் உதாமரோ' என்றே கையெழுத்துப் போட்டார். அந்த அளவுக்கு மோகம்.

ஆனால் எனக்குப் பிடித்தவர் ஒசாகா நகரின் முகக்குறி நிபுணர் மிசுனோ நம்போகு. முடிதிருத்தும் கடையில் தலையையும் முகத்தையும், பொதுக் குளியலறையில் உடம்பையும், சுடுகாட்டில் எலும்பையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துப் படித்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1788இல் தன் பெயரிலேயே 'நம்போகு சோஹோ' நூலை வெளியிட்டார். மூக்கில் தலைவிதி இருக்கிறது என்பதை நான் நம்பவில்லை; அப்படி உற்றுப் பார்த்த கண்ணை மதிக்கிறேன். அவரும் பிற்பாடு மூக்கை விட்டுவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். முகக்குறி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அளவு மீறித் தின்றால் கெடுவான், கெட்ட குறி உள்ளவனும் அளவாக உண்டால் தேறுவான் என்பது 1812இல் வந்த அவருடைய நூலின் போதனை.