சேமநிதியைத் தொடாதீர்கள், மகளின் பிஸ்கட் டின்னைத் திறந்து பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

மகள் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டாள். மூன்று காலங்களில் நடக்கும் 600 பக்க அறிவியல் புனைகதை நாவல் ஒன்றைப் படமாக்கியே தீருவேன் என்கிறாள். கிள்ளானில் இருக்கும் பெரிய மாமாவோ "டாக்டருக்குப் போடு, வெளிநாட்டில் சீட்டு நான் பார்க்கிறேன்" என்கிறார். அவள் அப்பாவின் ஊழியர் சேமநிதியை அதற்கு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளை சினிமா என்று சொன்னால் எந்த வீட்டிலும் வயிறு கலங்கும். ஆனால் உங்கள் கடிதத்தில் என் வயிற்றைக் கலக்கியது சேமநிதி பற்றி நீங்கள் எழுதியதுதான்.

மருத்துவத்துக்கு எஸ்.பி.எம்.மில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம், கூட இன்னொரு பாடம், ஐந்திலும் குறைந்தது பி வேண்டும் என்பது மலேசிய மருத்துவ மன்றத்தின் விதி. மகளுக்கு இயற்பியலில் சி. "அங்கே போனால் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொல்வார். படித்துத் திரும்பி இங்கே பதிவுக்கு நிற்கும்போது அவர் பக்கத்தில் இருக்கமாட்டார். அதைத் தாண்டினாலும், 2016 இறுதியிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில்தான் அரசுப் பணியைத் தொடங்குகிறார்கள். நிரந்தரப் பணி தானாக வந்து விழாது. செம்பனைக் குலை வெட்டிய அவள் அப்பாவின் உடம்புக்கு 55 வயதுக்கு மேல் இருப்பது அந்தச் சேமநிதி ஒன்றுதான். மாமா சீட்டு பார்ப்பார், தவணை கட்டமாட்டார். வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள்.

பொறியியல், கணக்கியல், ஆசிரியர் பயிற்சி பற்றியெல்லாம் எந்தக் கல்விக் கண்காட்சியிலும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அவள் பிஸ்கட் டின்னில் அட்டைத்துண்டுகளை அடுக்கி வைத்திருக்கிறாள், ஒரு காலத்துக்கு நீல மை, இன்னொன்றுக்குச் சிவப்பு என்று காட்சி காட்சியாக எழுதுகிறாள் என்று குறையாகச் சொல்லியிருந்தீர்கள். நாவலைத் திரைக்கதையாக்குகிறவர்கள் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதற்கு வந்து சேர்ந்திருக்கிறாள்.

இந்த வேலையின் கணக்கு கறாரானது. திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். இரண்டு மணி நேரப் படத்துக்கு 120 பக்கம், மிஞ்சினால் 25,000 சொல். அவள் கையில் இருக்கும் நாவலில் ஒன்றரை லட்சம் சொல்லாவது இருக்கும். ஆறில் ஐந்து பங்கு வெளியே போயாக வேண்டும். எதை வெளியே விடுவது என்று தெரிந்தவருக்குத்தான் சம்பளம். 1965இல் வந்த 'டியூன்' என்ற அறிவியல் புனைகதை நாவலை 1984இல் 137 நிமிடத்துக்குள் அடக்கப் பார்த்தார்கள். பாத்திரங்களின் மனப்பேச்சைக் கிசுகிசுக் குரலாகப் படம் முழுக்க ஓடவிட்டார்கள். சில அரங்குகளில் சொற்பொருள் தாளே கையில் கொடுத்தார்கள். அப்படியும் கதை பிடிபடவில்லை. பிறகு அதே நாவலை 2021இல் 155 நிமிடம், 2024இல் 166 நிமிடம் என்று இரண்டு படமாகப் பிரித்தார்கள். நீளம் உதவியது உண்மை. அதைவிட உதவியது, மனப்பேச்சைக் கைச்சைகையாகவும் பார்வையாகவும் மாற்றியது.

அவளுக்குப் பிடித்த அந்த நாவலை இப்போதைக்கு மூடி வைக்கச் சொல்லுங்கள். உரிமை வாங்காமல் படமாக்க முடியாது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டு வரை உரிமை நிற்கும், இந்தியாவில் 60. எழுத்தாளர் சுஜாதா மறைந்தது 2008இல், ஆகவே அவர் கதைகளுக்கும் குடும்பத்தாரின் அனுமதி வேண்டும். ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1946இலேயே மறைந்துவிட்டார். அவருடைய 'கால இயந்திரம்' 1895இல் வந்தது, 32,000 சொல் அளவில் சின்னப் புத்தகம். தான் செய்த இயந்திரத்தில் ஏறி எதிர்காலத்துக்குப் போய்த் திரும்புகிற ஒருவனின் கதை. அதில் கை பழகட்டும்.

முதல் வாசிப்பில் பேனா எடுக்கக் கூடாது. இரண்டாவதில் மூன்று நிறப் பென்சில்: கேமரா பார்க்கக்கூடியது, மனசுக்குள் மட்டும் நடப்பது, அந்த உலகத்தின் விதி. விதிகளைத் தனித்தாளில் பத்து வரிக்குள் எழுத வேண்டும். பெரும்பாலான தழுவல்கள் உடைவது இங்கேதான். அந்த இயந்திரம் காலத்தில் நகரும், இடத்தில் நகராது. எதிர்காலத்தில் பாதாளவாசிகள் அதைப் புல்வெளியிலிருந்து சிலையின் பீடத்துக்குள் இழுத்துப் போய்விடுவதால், திரும்பி வரும்போது ஆய்வுக்கூடத்தின் மறு மூலையில் வந்து நிற்கிறது. திரும்பி வந்து நாயகன் சொல்லும் கதைக்கு அது ஒரு சாட்சி. இழுத்துப்போகும் காட்சியை "சின்னதுதானே" என்று வெட்டினால் முடிவில் அந்தச் சாட்சி செத்துப்போகும்.

அடுத்த சிக்கல், நாயகன் தனியாள். எதிர்காலத்தில் அவன் மொழி யாருக்கும் புரியாது. நாவலில் அவன் ஒன்றை ஊகிக்கிறான், தப்பு என்று தெரிந்து இன்னொன்றை ஊகிக்கிறான். அதைப் பின்னணிக் குரலாக வைத்தால் படம் சொற்பொழிவாகிவிடும். ஒவ்வொரு ஊகத்துக்கும் ஒரு செயலும், அது கெடும் ஒரு நொடியும் வேண்டும். வெல்ஸே கைக்குப் பொருள் கொடுத்திருக்கிறார்: தீப்பெட்டி, சூடம். ஆமாம், நம் சாமி அறைச் சூடம்தான். வெளிச்சத்துக்கு அஞ்சும் பாதாளவாசிகள் நெருங்க நெருங்கக் குச்சி குறைவதைக் காட்டினால் வசனமே தேவையில்லை. மேலே சொகுசாக வாழ்பவர்கள், கீழே இயந்திரம் ஓட்டும் உழைப்பாளிகளின் சந்ததி என்ற கதையை மேட்டில் துரை பங்களா, பள்ளத்தில் தோட்டத் தொழிலாளர் லயம் என்று உங்கள் ஊரிலேயே நிறுத்தலாம். அரங்கம் அமைக்கும் செலவும் மிச்சம்.

15 நிமிடக் குறும்படத்துக்கு 12 அட்டை போதும். 15 பக்கம் எழுதியபின் பிரித்தெழுதல்: ஒரு பக்கத்தை எட்டுப் பங்காக்கி, இந்தக் காட்சி 3/8, அது 1 1/8 என்று ஓரத்தில் குறித்து, நடிகர், பொருள், இரவா பகலா, கணினி வரைகலை என்று நிறம் பூச வேண்டும். இரவுக் காட்சி ஏழு வந்துவிட்டதே, ஜெனரேட்டருக்கு யார் பணம் தருவது என்ற கேள்வி அப்போதுதான் எழும். இரண்டைப் பகலாக்கி எழுதச் சொல்லுங்கள்.

இதற்கு ஆறு மாதம் கொடுங்கள். 15 பக்கம் முடியவில்லை என்றால் அவளுக்குப் பிடித்தது படம் பார்ப்பது, இந்த வேலை இல்லை. அப்போதும் மருத்துவம் பதிலாகாது. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிவம் ஆறில் சேரட்டும், அரசுப் பள்ளி, செலவு குறைவு.

முடித்துவிட்டால் கோலாலம்பூரில் உள்ள அஸ்வாரா கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடுங்கள். 1994இல் தொடங்கிய அரசு நிறுவனம். திரைப்படத்துக்கும் படைப்பெழுத்துக்கும் தனித்தனித் துறைகள் உண்டு. எழுத்துத் துறையை முதல் தேர்வாக வையுங்கள். பாடம் மலாயில், நேர்முகத் தேர்வும் உண்டு. அந்த 15 பக்கத்தை மலாயிலும் எழுதி, பிரித்தெழுதிய தாளோடு எடுத்துப் போகட்டும். தனியார் கல்லூரியில் கேமரா அறையைக் காட்டி மயக்குவார்கள். எழுதுவதற்குக் கேமரா தேவையில்லை, அதற்காகக் கடனும் தேவையில்லை.

வருமானத்தைப் பற்றிப் பூசி மெழுகமாட்டேன். முதல் சில ஆண்டுகள் மாதச் சம்பளம் போல வராது. தமிழில் மட்டும் எழுதி இந்த நாட்டில் குடும்பம் நடத்துவது கடினம். தொலைக்காட்சித் தொடர், மலாய் அனிமேஷன், வசன வரி மொழிபெயர்ப்பு, மற்றவர் திரைக்கதையைப் பிரித்தெழுதுவது என்று சேர்த்துத்தான் ஓட்ட வேண்டும். எந்த வேலையானாலும் கதைச்சுருக்கத்துக்கு ஒரு தவணை, முதல் வரைவுக்கு ஒன்று, இறுதி வரைவுக்கு ஒன்று என்று எழுத்தில் இருக்க வேண்டும். "படம் ஓடினதும் தரேன்" என்பவருக்கு ஒரு பக்கம்கூட எழுதக் கூடாது, அவர் மாமாவுக்குத் தெரிந்தவராக இருந்தாலும்.