மக்காச்சோளத்துக்குத் தொழு உரம், ஜிப்சம், ஜிங்க் சல்பேட் எல்லாவற்றையும் சேர்த்துப் போடலாமா?

மானாவாரி கரிசல் காட்டில் மக்காச்சோளம் போடுகிறேன், தொழு உரம், ஜிப்சம், ஜிங்க் சல்பேட், உயிர் உரம் நான்கையும் கலந்து ஒரே நாளில் இறைத்துவிடலாமா, அப்படிச் செய்தால் யூரியாவை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்த்துப் போடலாம், போடத்தான் வேண்டும். ஆனால் ஒரே குவியலாக, ஒரே நாளில் வேண்டாம். யூரியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், முதல் வருடமே நிறுத்த முடியாது. நான் பெரம்பலூர் பக்கத்துக் கரிசலை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் யூரியாக் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் என்பது பொதுவான பரிந்துரை. நல்ல குப்பையில் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் அரை சதவீதம்தான் இருக்கும். அப்படியானால் 5 டன்னில் 25 கிலோ. அதிலும் முதல் பட்டத்தில் பயிருக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் தழைச்சத்து 20 கிலோவுக்கு மேல் இருக்கிறது. ஏக்கருக்கு 30 குவிண்டால் எடுக்க நினைத்தால் பயிர் 60 கிலோவுக்குக் குறையாமல் தழைச்சத்தை உறிஞ்சும். குப்பையை மட்டும் நம்பினால் கதிர் சிறுத்துப் போவது இதனால்தான்.

அப்புறம் எதற்குக் குப்பை? பூக்கும் நேரத்தில் பத்து நாள் மழை தள்ளிப்போனால் குப்பை கண்ட காடு தாங்கி நிற்கும், குப்பை காணாத காட்டில் இலை சுருண்டுவிடும். இன்னொன்று, சுக்கான் (சுண்ணாம்புக் கல்) கலந்த கரிசலில் போடுகிற மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) பெரும்பகுதியைச் சுண்ணாம்பு பிடித்துவைத்துக்கொள்ளும். சூப்பர் பாஸ்பேட்டை நேராக மண்ணில் போடாமல், ஏக்கருக்கு 300 கிலோ மக்கிய எருவோடு கலந்து, நிழலில் குவித்து, ஈரம் காயாமல் ஒரு மாதம் மூடி வைத்துப் போடுங்கள். ஊட்டமேற்றிய தொழு உரம் என்று வேளாண்துறையில் சொல்வது இதைத்தான். மானாவாரிக்கு இதைவிட லாபமான வேலை இல்லை என்பது என் கருத்து.

ஜிப்சம் எல்லாக் கரிசலுக்கும் தேவையில்லை. சோடியம் மிகுந்த களர் மண்ணாக இருந்தால்தான் தேவை. அதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. காய்ந்த மண்கட்டி ஒன்றைப் பட்டாணி அளவுக்கு உடைத்து, கண்ணாடி டம்ளரில் பிடித்த மழைநீரில் மெதுவாகப் போடுங்கள், கலக்காதீர்கள். கட்டி பொலபொலவென்று உதிர்ந்து, தண்ணீர் தெளிவாகவே இருந்தால் களர் பிரச்சினை இல்லை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்த மாதிரி கலங்கல் பரவினால் மண்ணில் சோடியம் மிகுந்திருக்கிறது. அப்போது மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, எவ்வளவு ஜிப்சம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அளவு காட்டுக்குக் காடு மாறும். ஜிப்சத்தில் இருக்கும் கால்சியம் சோடியத்தை மண்ணிலிருந்து தள்ளிவிடும், ஆனால் தள்ளிய சோடியத்தைத் தண்ணீர்தான் கழுவி வெளியே கொண்டுபோக வேண்டும். ஆகவே கோடை உழவு முடிந்ததும், மழைக்கு முன்னால் இறைத்துவிடுங்கள். தண்ணீர் வடிய வாய்க்கால் இல்லாத காட்டில் ஜிப்சம் போடுவது பணத்தைப் புதைப்பது.

ஜிங்க் விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். முளைத்த இரண்டு மூன்று வாரத்தில் குருத்தை விலக்கிப் பாருங்கள். புது இலையின் நடுநரம்புக்கு இருபுறமும், அடிப்பகுதியில், வெளுத்த பட்டை அகலமாக ஓடினால் அது துத்தநாக (ஜிங்க்) குறை. வெண்குருத்து என்பார்கள். தழைச்சத்துக் குறை என்று நினைத்து யூரியா போட்டால் சரியாகாது. தழைச்சத்துக் குறை அடி இலையில், நுனியிலிருந்து மஞ்சளாக வரும். இது மேலே, குருத்தில் தெரியும். ஏக்கருக்கு 10 முதல் 15 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து விதைப்புக்கு முன் தூவுங்கள். மணிச்சத்து உரங்களான டிஏபியோடும் சூப்பர் பாஸ்பேட்டோடும் மட்டும் கலக்கவே கூடாது, ஜிங்கும் மணிச்சத்தும் சேர்ந்தால் கரையாத உப்பாகிவிடும். டிஏபியை மூட்டை மூட்டையாகக் கொட்டும் காட்டில்தான் வெண்குருத்து மோசமாக வருகிறது. பயிரில் ஏற்கெனவே தெரிந்துவிட்டதா? 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா கரைத்துத் தெளியுங்கள்.

உயிர் உரத்துக்கு ஒரு விஷயம் மட்டும். கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதை மருந்து பூசித்தான் வருகிறது, அதில் உயிர் உரமான அசோஸ்பைரில்லத்தை விதைநேர்த்தி செய்தால் அதிலுள்ள நல்ல நுண்ணுயிர் சாகும். அதை மக்கிய எருவில் கலந்து மண்ணில் போடுங்கள், யூரியாவோடு சேர்க்காதீர்கள்.

ஆக, வரிசை இப்படி வரும்: கோடையில் தேவையென்றால் ஜிப்சம், கடைசி உழவில் மக்கிய குப்பை, விதைக்கும்போது ஊட்டமேற்றிய எருவும் உயிர் உரமும், ஜிங்க் தனியாக ஒரு நாள். யூரியாவில் கால் பங்கு அடியுரம், பாதி 25ஆம் நாள், மீதி 45ஆம் நாள், மண்ணில் ஈரம் இருக்கும்போது. மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழு 2018இல் வந்ததிலிருந்து கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கும் சேர்க்கச் சொல்கிறார்கள், அதையும் விடாதீர்கள்.

சாம்பல், சுண்ணாம்பு இரண்டும் நம் கரிசலுக்கு வேண்டாம், ஏற்கெனவே காரம் அதிகம். சீமைக்கருவேலங் கரியும் மணல் பாங்கான செம்மண்ணுக்குத்தான் பொருத்தம். அங்கேயும் கரியைப் பச்சையாகப் போடக் கூடாது, மாட்டுக் கோமியத்திலோ எருவிலோ ஊறவைத்த பிறகு போட வேண்டும். இல்லாவிட்டால் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் அது இழுத்துக்கொள்ளும். மக்காத தென்னைநார்க் கழிவும் இதே ரகம்.

தட்டையை மாட்டுக்கு விற்கிறீர்களா? தவறில்லை, ஆனால் சாம்பல்சத்தில் (பொட்டாசியம்) பெரும்பகுதி கதிரில் இல்லை, தட்டையில்தான் இருக்கிறது. வண்டி ஏறிப் போனதைப் பொட்டாஷாகவோ ஆட்டுக்கிடையாகவோ திருப்பிக் கொடுங்கள். 5 டன் குப்பைக்கு வழியில்லாதவர்களுக்கு அறுவடை முடிந்த காட்டில் ஆட்டு மந்தையை இரவில் அடைத்துக் கிடை போடுவதுதான் கைக்கு எட்டும் வழி. கிடை எழுந்த அன்றே மேலாக ஓர் உழவு ஓட்டிவிடுங்கள், வெயிலில் கிடந்தால் சத்து காற்றில் போய்விடும்.

இந்த வருடம் முழுக் காட்டுக்கும் செய்ய முடியாவிட்டால் பாதிக்குச் செய்யுங்கள். மீதியில் வழக்கம்போலப் போட்டு, கதிரடிக்கும்போது இரண்டையும் தனித்தனியாக எடை போட்டு எழுதி வையுங்கள். செலவையும் பக்கத்தில் எழுதினால், அடுத்த பட்டத்துக்கு எதைக் கூட்டுவது, எதை நிறுத்துவது என்று உங்கள் காடே காட்டிவிடும்.