‘இயோ’வை விடுங்கள், ‘மி’யைப் பிடியுங்கள்

கேள்வி: பொலோன்யாவில் மேற்படிப்புக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. நான் இத்தாலியன் பேசினால், ‘எதற்கு இத்தனை இயோ (‘நான்’)?’ என்று வகுப்பில் சிரிக்கிறார்கள். வீட்டுக்கார அம்மாவிடம் ‘கோமே ஸ்தாய்?’ என்று நலம் விசாரித்தேன், முகம் சுருங்கிவிட்டது. எங்கே தப்பு?

பதில்: இங்கிலீஷைச் சுற்றிக்கொண்டு இத்தாலியனுக்குப் போகிறீர்கள். தமிழிலிருந்து போனால் பக்கம்.

‘நாளைக்கு வர்றேன்’ என்றால், யார் வருவது என்று எவரும் கேட்பதில்லை, விகுதியே சொல்லிவிடுகிறது. ‘வெங்கோ தொமானி’யும் அப்படித்தான். கடைசி ‘ஓ’வுக்குள்ளேயே ‘நான்’ இருக்கிறது. முன்னால் ‘இயோ’ வைத்தால், ‘மத்தவங்க எப்படியோ, நான் வர்றேன்’ என்கிற தொனி வந்துவிடும். அந்த அழுத்தம் வேண்டிய இடமும் உண்டு. காப்பிக் கடையில் நண்பர் பர்ஸை எடுக்கும்போது ‘பாகோ இயோ’ என்று சொல்லுங்கள்: ‘நான்தான் கொடுப்பேன்’. கதவைத் தட்டியதும் உள்ளிருந்து ‘கி ஏ?’ என்று கேட்டால், ‘சோனோ இயோ’. வினைக்குப் பின்னால் வரும் ‘இயோ’வில் நம்முடைய ‘தான்’ ஒளிந்திருக்கிறது.

அடுத்தது ‘மி’. ‘மி பியாச்சே’ என்றால் ‘எனக்குப் பிடிக்கும்’. சொல் வரிசைகூட நம்முடையதே. தலைவலிக்கு ‘மி ஃபா மாலே லா தேஸ்தா’. இங்கிலீஷ்காரர்கள் மாதக்கணக்கில் முட்டிக்கொள்ளும் இடம் இது, நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது. பிடித்த பொருள் பலவானால் மட்டும் ‘மி பியாச்சோனோ’. ஆனால் எல்லா ‘எனக்கு’வும் ‘மி’ ஆகாது. பசித்தால் ‘ஓ ஃபாமே’, அதாவது ‘பசி வைத்திருக்கிறேன்’. இதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

இனி அந்த அம்மா. ‘ஸ்தாய்’ என்பது ‘தூ’வுக்கு, அதாவது ‘நீ’க்கு உரிய வினை. ‘எப்படி இருக்கே?’ என்று கேட்டிருக்கிறீர்கள்! ‘கோமே ஸ்தா, சின்யோரா?’ என்றால் ‘எப்படி இருக்கீங்கம்மா?’ ஆகிவிடும். மரியாதைக்கு உரிய சொல் ‘லேய்’. ‘அவள்’ என்பதற்கும் அதே சொல்தான் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அதை வாய்விட்டுச் சொல்வதே இல்லை, வினை மாறினால் போதும். பதிலுக்கு நலம் கேட்கும்போதுதான் அது தலைகாட்டும்: ‘பேனே, கிராட்சியே, ஏ லேய்?’ படர்க்கைச் சொல்லால் முன்னிலையை மதிப்பது நமக்கும் புதிதில்லை. ‘தான்’ என்பதன் பன்மையான ‘தாங்கள்’தானே நம் கடிதங்களில் பெரியவர்களுக்கு!

1938-இல் முசோலினி அரசு ‘லேய்’யை ஒழித்து, அந்த இடத்தில், பலரைப் பார்த்துச் சொல்லும் ‘நீங்கள்’ ஆன ‘வோய்’யைத் திணிக்கப் பார்த்தது. ஆட்சியோடு அதுவும் போயிற்று. நேப்பிள்ஸ் பக்கம் பெரியவர்களை ‘வோய்’ போட்டுப் பேசும் பழைய வழக்கம் இன்னும் காதில் விழும். பொலோன்யாவில் உங்களுக்கு அது தேவைப்படாது. (‘நாங்கள்’ என்பதற்கு ‘நோய்’ என்று சொல்வதைக் கேட்டுத் திடுக்கிடாமல் இருந்தால் சரி.)

பழகப் பழக ஒருநாள் அந்த அம்மாவே ‘தியாமோச்சி தெல் தூ’ என்பார்: ‘நீ, வா, போன்னே பேசிக்கலாம்’. அதை அவர் வாயால் கேட்கும்வரை ‘ஸ்தா’தான்.