மறுமொழி: 10 கெல்வினில் வினைவேகம் சுழியாக வருகிறதே?

விண்மீன்களுக்கு இடையே உள்ள பனியில் நடக்கும் வினைகளுக்கு, உங்கள் நிரலில் அர்ஹீனியஸ் சமன்பாட்டை (வெப்பநிலையைக் கொண்டு வினைவேகம் கணிப்பது) போட்டால் வேகம் சுழிதான் வருகிறது என்கிறீர்கள். கணக்கு சரி, ஆனால் அந்தச் சமன்பாட்டுக்கு வெப்பம் மட்டுமே ஆற்றல். இங்கே பிணைப்பை உடைப்பது கதிர்வீச்சு. ஹைட்ரஜன் உமிழும் புற ஊதா ஒளியான லைமன்-ஆல்ஃபாவின் ஒரு ஃபோட்டானிடம் 10.2 எலெக்ட்ரான் வோல்ட் இருக்கிறது. நீரின் ஓ-எச் பிணைப்பை முறிக்க ஏறக்குறைய 5.1 போதும். விண்வெளியில் பாயும் உயர் ஆற்றல் துகளான காஸ்மிக் கதிரோ போகும் வழியெல்லாம் இரண்டாம் நிலை எலெக்ட்ரான்களைக் கிளப்பிவிடும், அதுதான் எனக்கு இன்னும் வியப்பு. முறிந்த துண்டுகள் தனி உறுப்புகள், அதாவது இணையற்ற எலெக்ட்ரான் கொண்டவை. பக்கத்திலேயே இணை கிடைத்தால் வினை நடக்கத் தாண்ட வேண்டிய தடையாற்றல் அநேகமாக இல்லை. இரண்டு ஓ-எச் சேர்ந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு. வியாழனின் நிலவான யூரோப்பாவின் பனிப்பரப்பில் அது இருப்பதைக் கலிலியோ விண்கலத் தரவு காட்டியது. 1999-இல் வெளியான முடிவு அது.

உங்கள் நிரலில் முறியும் படிக்கு வேகத்தைக் கதிர்ப்பாயம் (ஓரலகுப் பரப்பில் நொடிக்கு விழும் கதிர்கள்) × குறுக்குவெட்டுப் பரப்பு (மூலக்கூறு முறியும் வாய்ப்பைச் சொல்லும் பரப்பளவு) என்று மாற்றுங்கள். அர்ஹீனியஸைத் துண்டுகள் நகரும் படிக்கு மட்டும் வையுங்கள். ஹைட்ரஜன் அணுவுக்குக் குவாண்டம் ஊடுருவலையும் (தடையை ஏறித் தாண்டாமல் ஊடே கடப்பது) சேருங்கள்.