மங்கல் கோடும் கோடுதான்

வாசகர் கேள்வி – மருத்துவப் பதில்

வீட்டில் செய்யும் கொவிட் அன்டிஜன் பரிசோதனை (மூக்கில் துடைத்தெடுத்து வைரசின் புரதத்தைத் தேடுவது) பற்றி வன்னி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

முள்ளியவளை வாசகி: மகனுக்கு இரண்டு நாளாகத் தடிமன். பரிசோதித்ததில் 'சி' (C, திரவம் ஓடியதைக் காட்டும்) கோடு கடும் சிவப்பாக வந்தது. 'ரி' (T, தொற்றைக் காட்டும்) இடத்தில், வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் மட்டும் ஒரு மெல்லிய கோடு தெரிகிறது. வீட்டில் அம்மம்மாவும் இருக்கிறா. இதைக் கணக்கில் எடுப்பதா, விடுவதா?

எத்தனையாவது நிமிடத்தில் பார்த்தீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அநேகமான பெட்டிகள் 15ஆவது நிமிடத்தில் பார்க்கச் சொல்லும். உங்கள் பெட்டியின் துண்டுத்தாளில் உள்ள நேரத்துக்குள், 'ரி'க்கு நேரே குறுக்காக ஓடும் நிறமான கோடு ஒன்று தெரிந்தால் அது பொசிற்றிவ். எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பொசிற்றிவ்தான். அந்த இடத்தில் பூசப்பட்டிருப்பவை வைரசின் ஒரு புரதத்தை மட்டும் பிடிக்கும் பிறபொருளெதிரிகள். பிடிக்க எதுவும் இல்லாவிட்டால் திரவத்தோடு வரும் நிறத்துகள்கள் அங்கே தங்காமல் ஓடிவிடும்.

அரை மணித்தியாலம் கழித்தோ, குப்பைக்கூடையிலிருந்து திரும்ப எடுத்தோ பார்த்தபோது தெரிந்த சாம்பல் நிறக் கீற்று என்றால் அதை நம்பவேண்டாம். உள்ளே இருக்கும் பட்டி காயும்போது அப்படி விழும். புதிய பெட்டியில் திரும்பச் செய்யுங்கள்.

நேரத்துக்குள் வந்த கோடு என்றால் இன்றிரவே மகனின் பாயை விறாந்தைக்கு மாற்றுங்கள். காய்ச்சல் இருந்தால், பனடோல் இல்லாமலே அது விட்டு 24 மணித்தியாலம் ஆகி, தடிமனும் குறையும்வரை அம்மம்மாவுக்குக் கிட்டப் போகவேண்டாம். அதன்பிறகும் ஐந்து நாட்களுக்கு முகக்கவசம் நல்லது. அம்மம்மாவுக்கு இருமலோ மூச்சு வாங்கலோ தொடங்கினால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கிளிநொச்சி வாசகர்: மனைவிக்குப் பொசிற்றிவ். எனக்கும் தொண்டை நோகிறது, ஆனால் இரண்டு தரம் செய்தும் நெகற்றிவ். எனக்கு இல்லை என்று எடுக்கலாமா?

எடுக்கமுடியாது. இந்த நேரத்தில், இந்தப் பஞ்சுக் குச்சியில், கோடு விழும் அளவுக்கு வைரஸ் அகப்படவில்லை என்பதற்குமேல் நெகற்றிவ் எதையும் சொல்லாது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022இல் வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, அறிகுறி உள்ள 100 தொற்றாளரில் 73 பேரளவில்தான் அன்டிஜன் பரிசோதனையில் அகப்படுகிறார்கள். அறிகுறி இல்லாதவர்களில் 55 பேர். மறுபுறம், தொற்று இல்லாதவருக்குப் பொசிற்றிவ் காட்டுவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆகவே பொசிற்றிவை நம்புவதுபோல நெகற்றிவை நம்பக்கூடாது.

இரண்டையும் ஒரே நாளில் செய்தீர்களா? அதில் பிரயோசனம் குறைவு. வைரஸ் பெருக நேரம் கொடுத்து, 48 மணித்தியாலம் கழித்துத் திரும்பச் செய்யவேண்டும். அறிகுறி இல்லாதவர் என்றால் 48 மணித்தியால இடைவெளியில் மூன்று தரம்.

மற்றது, குச்சி போன இடம். பலர் மூக்கின் வாசலில் தடவிவிட்டு எடுத்துவிடுகிறார்கள். வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் 2 சென்ரிமீற்றர் அளவு உள்ளே விட்டு, சுவரோடு அழுத்தி ஐந்து தரம் சுற்றவேண்டும். அதே குச்சியால் மற்ற மூக்கிலும் அப்படியே. முதலில் மூக்கைச் சீறிவிடுங்கள். கட்டிச் சளி குச்சியில் ஏறினால் கரைசல் சரியாக ஓடாது. பிறகு குச்சியைக் கரைசலில் சுழற்றி, குழாயின் பக்கங்களை வெளியிலிருந்து நசுக்கிப் பிழிந்து எடுக்கவேண்டும். இந்தப் பிழிதலை விட்டால் எடுத்த மாதிரியில் பெரும்பகுதி பஞ்சிலேயே நின்றுவிடும். துளிக் கணக்கு பெட்டிக்குப் பெட்டி மாறும்: சிலதில் மூன்று, சிலதில் நான்கு. ஒரு பெட்டியின் கரைசலை இன்னொரு பெட்டியின் பரிசோதனைத் தட்டில் விடவேண்டாம்.

ஒட்டுசுட்டான் வாசகர்: தகரக் கூரை வீடு. பெட்டி அலுமாரி மேல் மாதக்கணக்காகக் கிடந்தது. திகதி முடியவில்லை. பாவிக்கலாமா?

பெட்டியில் 2–30 பாகை என்று அச்சடித்திருக்கும். கச்சான் வீசும் மாதங்களில் தகரத்தின் கீழ் மத்தியானம் 30 எங்கே நிற்கப்போகிறது? அச்சிட்ட திகதி, அந்த வெப்பநிலைக்குள் வைத்திருந்தால் மட்டும் செல்லும் திகதி. நீண்டநாள் சூடு பிறபொருளெதிரிகளைப் பழுதாக்கும். 'சி' கோடு வந்தபடியால் பெட்டி நல்லது என்று நினைப்பதுதான் பெரிய பிழை. திரவம் பட்டி வழியே ஓடியதற்கு மட்டுமே அது சாட்சி. 'ரி'யின் பிடிப்புச் சக்தி குறைந்துபோயிருந்தாலும் 'சி' வடிவாக விழலாம். அப்படிக் கிடந்த பெட்டியில் நெகற்றிவ் வந்தால் அதைக் கணக்கில் எடுக்கவேண்டாம்.

இனி வாங்குவதை மண் சுவருள்ள அறையில், நிலத்தோடு ஒட்டிய தட்டில் வையுங்கள். பிரிட்ஜில் வைப்பதானால் கதவுப் பக்கம் வையுங்கள், ஐஸ் பெட்டிக்குள் வேண்டாம். எடுத்தவுடன் பிரிக்காமல் அரை மணித்தியாலம் வெளியில் விடுங்கள், குளிர்ந்த பரிசோதனைத் தட்டு பிழையான கோடு காட்டக்கூடும். ஈயத்தாள் உறையைக் கடைசி நிமிடத்தில்தான் கிழிக்கவேண்டும், மாரியில் இன்னும் கவனம்: பட்டி காற்றின் ஈரத்தை இழுத்துவிடும். கரைசல் குப்பி பார்வைக்குக் கண்மருந்துக் குப்பி மாதிரியே இருக்கும். பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவுங்கள்.

மல்லாவி வாசகர்: 'சி' கோடு மங்கல், 'ரி' தடிப்பு. பெட்டி பழுதா?

இல்லை. வைரஸ் அதிகமாக இருந்தால் நிறத்துகள்களில் பெரும்பங்கு 'ரி'யிலேயே பிடிபட்டுவிடும், 'சி'க்கு மிச்சம் குறைவு. பொசிற்றிவ். 'சி' அறவே இல்லாவிட்டால்தான், 'ரி'யில் என்ன தெரிந்தாலும், செல்லாது.

செட்டிகுளம் வாசகி: சைனோபார்ம் கொவிட் தடுப்பூசி போட்டதால் கோடு வருமா?

வராது. அதில் செயலிழந்த முழு வைரஸ் இருப்பது உண்மை. ஆனால் அது போனது கைத் தசைக்குள், நீங்கள் துடைப்பது மூக்கில்.

விசுவமடு வாசகர்: வயல் வேலை முடிந்து ஒரு கிழமை. மூன்று நாளாகக் காய்ச்சல், உடம்பு உளைவு. கொவிட் நெகற்றிவ். இன்னும் இரண்டு நாள் பார்க்கலாமா?

பார்க்கவேண்டாம். வன்னியில் காய்ச்சல் என்றால் கொவிட்டுக்கு முன்னே கேட்கவேண்டிய பெயர்கள் இரண்டு: டெங்கு, எலிக்காய்ச்சல். நெகற்றிவ் கோடு இவை இரண்டையும் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. பொசிற்றிவ் வந்தாலும் டெங்கு இல்லை என்றாகாது, இரண்டும் சேர்ந்தும் வரும்.

மூன்றாம் நாள் என்றால் இன்றே முழு இரத்தப் பரிசோதனை எடுக்கவேண்டும். டெங்குவுக்கான என்.எஸ்.1 பரிசோதனை முதல் நான்கைந்து நாட்களில்தான் நன்றாகக் காட்டும். காய்ச்சல் குறைந்துவிட்டது என்று எழும்பி நடமாடும் நேரந்தான் டெங்குவில் ஆபத்தான நேரம். வயிற்றுநோ, விடாத சத்தி, கைகால் குளிர்தல், இரத்தக் கசிவு, எழும்பினால் தலைசுற்று என்று ஏதாவது கண்டால் 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

கெண்டைக்கால் தசை தொட்டால் நோகிறதா, கண் சிவந்திருக்கிறதா, சிறுநீர் குறைந்திருக்கிறதா? அது எலிக்காய்ச்சலின் பக்கம். சேற்றுத் தண்ணீரில் இறங்கி 5 முதல் 14 நாட்களுக்குள் அது தொடங்குவது வழக்கம், வயலில் நின்ற நாட்களையும் சேர்த்தால் உங்கள் கணக்கும் அதற்குள் வரும். டொக்டர் கேட்காவிட்டாலும் வயலில் நின்றதை நீங்களே சொல்லுங்கள். அன்ரிபயோற்றிக் எவ்வளவு முந்தித் தொடங்குகிறதோ அவ்வளவுக்குச் சிறுநீரகம் தப்பும்.

அதுவரை வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் பனடோல் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருதரம், நாளொன்றுக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். புரூபன், டைக்குளோபினக், அஸ்பிரின் இவற்றைத் தொடவே வேண்டாம். டெங்குவாக இருந்தால் அவை இரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.