தூர்வாரிய கணக்கைக் கேட்டு 45 நாள்: அடுத்து என்ன?

தகவல் உரிமை மனுவுக்குப் பதில் வரவில்லையென்றால் புதிய மனு வேண்டாம். அதே துறையின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7(2) பிரிவின்படி 30 நாள் கடந்த மௌனமே மறுப்பாகக் கருதப்படும். அதற்கடுத்த 30 நாளுக்குள் 19(1) பிரிவின்கீழ் முறையிடலாம் என்பதால், உங்கள் ஊர் வாய்க்காலின் தூர்வாரும் செலவைக் கேட்டு 45 நாளாகக் காத்திருக்கும் உங்களுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

மனு வேறு அலுவலகத்திற்குப் போயிருக்கலாம். ஆறு நீர்வளத் துறையிடமும் கடைமடை வாய்க்கால் இன்னொருவரிடமும் இருப்பது நம் டெல்டாவின் பழைய தலைவலி. ஒப்புகை அட்டையின் தேதியையும், 6(3) பிரிவின்படி மனுவை மாற்றி அனுப்பிய கடிதம் வந்ததா என்பதையும் பாருங்கள்; மாற்றியிருந்தால், உரிய அலுவலகத்தில் சேர்ந்த நாளிலிருந்தே கெடுவைக் கணக்கிட வேண்டும்.

ஒன்று: “ஏன் சரியாகத் தூர்வாரவில்லை” என்ற கேள்விக்கு இச்சட்டத்தில் பதில் கிடைக்காது. மதிப்பீடு, செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவீட்டுப் புத்தகம், வேலைக்கான பில் ஆகியவற்றின் நகல்களை மனுவில் கேட்டிருந்தால், அவற்றுக்காக மேல்முறையீடு செய்யலாம்.