இரவிரவாக் கத்துற பெட்டைப் பூனை: உங்கட கேள்வியும் மிருக வைத்தியரின்ர பதிலும்

கேள்வி: வணக்கம் டொக்டர், நாங்கள் விசுவமடு. வீட்டில ஒரு பெட்டைப் பூனை நிக்குது, 6 மாசம் இருக்கும். 4 நாளா இரவிரவாக் கத்துது, குழந்தைப்பிள்ளை அழுற மாதிரி ஒரு சத்தம், அயலில ஒருத்தருக்கும் நித்திரையில்லை. நிலத்தில உருளுது, காலுக்க வந்து உரசுது, முதுகில கை வைச்சால் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிக்குது. மாமி சொல்லுறா இடுப்பில எங்கயோ அடிபட்டிட்டுதாம், பாதிப் பனடோல் கரைச்சுப் பருக்குவம் எண்டு நிக்கிறா. கனடாவில இருக்கிற மச்சாள் சொல்லுறா அது வேட்கையாம், மாரி வர நிண்டிடுமாம். ஆர் சொல்லுறது சரி?

பதில்: முதல்ல அந்தப் பனடோலை எடுத்து ஒளிச்சு வையுங்கோ தங்கச்சி, மிச்சத்தைப் பிறகு கதைப்பம். பூனையின்ர ஈரலுக்குப் பனடோலில இருக்கிற பரசிற்றமோலை முறிச்சு வெளியேத்துற சக்தி காணாது, அது ரத்தத்தில ஒட்சிசன் காவுற சிவப்பணுக்களைப் பழுதாக்கி, முரசு மண்ணிறமாகி, முகம் வீங்கி, மூச்சு வாங்கி, ஒரு குளிசையோடயே பூனை செத்துப்போகலாம். மாமி கோவிச்சாலும் பரவாயில்லை.

மச்சாள் சொன்னதில பாதி சரி, இது வேட்கைதான், கடுவனோட சேரத் தேடுற காலம். இடுப்பு நொந்த பூனை தொட விடாது, நொண்டும், எங்கயாவது கட்டிலுக்குக் கீழ போய் ஒளிச்சிருக்கும். உங்கடது ஆளைத் தேடியெல்லோ வருது. வால் தொடங்குற இடத்தில மெல்லத் தடவிப் பாருங்கோ, நெஞ்சை நிலத்தோட பதிச்சு, பின்பக்கத்தை உயத்தி, வாலை ஒரு பக்கம் ஒதுக்கி, பின்னங்காலால ஒரே இடத்தில மாறி மாறி மிதிச்சுக்கொண்டு நிண்டால் வேற சந்தேகம் வேண்டாம். சிலது சுவரில மூத்திரமும் அடிக்கும், சாப்பாடும் கொஞ்சம் குறையும். நாய்க்குப் படுறதுபோல ரத்தம் படாது, ரத்தமோ சீழோ கண்டால் அது கருப்பையில வேற வருத்தம், அண்டைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கோ.

மாரிக்கதை கனடாவுக்குச் சரி. பூனையின்ர உடம்பு பகலின்ர நீளத்தை வைச்சுத்தான் வேட்கைக்கு வாறது, அங்க மாரியில பகல் நல்லாக் குறுகிப்போக அதுவும் அடங்கிடும், எங்கட வன்னியில மார்கழியிலயும் பதினொன்றரை மணித்தியாலத்துக்குக் கிட்டப் பகல் இருக்கு, ஆனபடியா வருசம் முழுக்க வரலாம். எங்கட சனம் மாட்டைப் பாத்துப் பழகினதுகள், மாடு 21 நாளுக்கொருக்கா வந்து ஒரு நாளுக்குள்ள முடிஞ்சிடும், பூனைக்கு ஒரு கிழமையளவில நிக்கும், கடுவன் சேராட்டில் ரெண்டு மூண்டு கிழமையில திரும்ப வந்திடும். ஏனெண்டால் பூனைக்குக் கடுவன் சேர்ந்தாப் பிறகுதான் முட்டை வெளிவாறது. ரெண்டு மூண்டு கடுவன் சேர்ந்தால் ஒரே ஈத்தில பிறக்கிற குட்டிகளுக்கே வேற வேற தகப்பன் இருக்கலாம்!

இப்ப செய்யவேண்டியது வெளிய விடாமப் பாக்கிறது. கதவைப் பூட்டினாக் காணும் எண்டு நினைக்காதேங்கோ, வீட்டுத்திட்ட வீடுகளில சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவில ஒரு இடைவெளி விட்டிருந்தால் பூனைக்கு அதுதான் வாசல், அதைக் கோழிவலை அடிச்சு மறையுங்கோ. ஒரு பேசினில மண் போட்டு உள்ளுக்கு வையுங்கோ. பகலில விளையாட்டுக் காட்டிக் களைக்கப் பண்ணினால் இரவில சத்தம் கொஞ்சம் குறையும், முற்றா நிக்காது, பொய் சொல்லேல்ல. தண்ணி ஊத்தி அடக்கப் பாக்கிறது வீண்வேலை, பூனைக்கும் பாவம்.

நிரந்தரமா நிப்பாட்டக் கருத்தடை ஒப்பரேசன்தான். வேட்கை நேரத்திலயும் செய்யலாம், ஆனா அப்ப ரத்தக்குழாய் எல்லாம் தடிச்சு நிக்கும், ரத்தம் கூடப் போகும், அதால கனபேர் இது அடங்கின பிறகுதான் செய்யிறது, அடங்கினோடன காட்டி நாள் எடுங்கோ, அடுத்தது வர முதல் முடிச்சிடலாம். உங்கட பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில முதல் கேளுங்கோ. சின்ன வயசிலயே செய்தால் பிறகு முலையில புற்று வாற வாய்ப்பும் நல்லாக் குறையும்.

கேள்வி: ஆக்கள் பாவிக்கிற கருத்தடைக் குளிசையைப் பூனைக்குக் குடுக்கலாமோ? ஒப்பரேசன் செய்யப் பயமாயிருக்கு. (மல்லாவி)

பதில்: குடுக்காதேங்கோ. அந்த ஹோர்மோனால கருப்பையில சீழ் கட்டும், முலையில கட்டி வரும், சலரோகமும் வரலாம். சீழ் கட்டினாப் பிறகு நீங்கள் பயப்பிடுற அதே ஒப்பரேசனைத்தான் செய்யவேணும், அதுவும் ஆபத்தான நிலையில.

கேள்வி: எங்கட பூனை குட்டி போட்டு ஒரு மாசம்தான், பாலும் குடுக்குது. அதுக்குள்ள கடுவனுகள் வந்து வளவைச் சுத்துதுகள். பால் குடுக்கேக்க சேராது எண்டு சொல்லுறது உண்மையோ? (புதுக்குடியிருப்பு)

பதில்: அதை நம்பி இருக்காதேங்கோ. பால் குடுத்துக்கொண்டே வேட்கைக்கு வந்து திரும்பக் குட்டித்தாச்சியாகிற பூனைகள் இருக்கு, சினைக்காலம் 63 தொடக்கம் 65 நாள்தான், கணக்குப் பாருங்கோ ஒரு வருசத்தில எத்தினை ஈத்து எண்டு. தாயையும் குட்டிகளையும் உள்ளுக்கு வையுங்கோ. குட்டிகள் 2 மாசத்தில பால் மறந்து, தாயின்ர முலை வத்தினோடன ஒப்பரேசனுக்குக் கொண்டுபோங்கோ. சண்டைபிடிக்கிற கடுவனுகளை வெறுங்கையால பிடிச்சு விலக்கப் போகவேண்டாம், பூனைக்கும் விசர் வரும், கடிச்சாலோ பிறாண்டினாலோ சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிப்போட்டு நேர ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. தாய்க்கு விசர் ஊசி போடேல்லையெண்டால் அதையும் போடுவியுங்கோ, குட்டிகளுக்கு 3 மாசத்தில.